மானென்று எண்ணினேன்

இராமாயணக் கதையின் பெருந்துயரம் ஒரு வேட்டைப் பிழையிலிருந்தே முளைக்கின்றது. இரவு வேளையிற் சரயு நதிக்கரையில் விலங்கை எதிர்பார்த்துக் காத்திருந்த தசரதன், குடத்தில் நீர் நிறையும் ஒலியைக் கேட்டான். அதனை யானை நீரருந்தும் ஒலியெனக் கொண்டு அம்பெய்தான். பட்டது, கண்ணிழந்த தாய் தந்தையருக்காக நீர் மொள்ள வந்த ஓர் இளைஞன்மீது. மகாபாரதத்தின் இறுதிப் பகுதியிலோ, காட்டில் யோகத்தில் ஆழ்ந்து கிடந்த கண்ணனை மானென்று எண்ணி வேடனொருவன் எய்துவிடுகின்றான். ஆக, இரு பெருங்காவியங்களிலும் வேட்டைக்காரனின் தவறான கணிப்பொன்று மனித உயிரைக் குடித்திருக்கின்றது.

இக்கதைகளை ஊழ்வினைக்கும் சாபத்துக்கும் எடுத்துக்காட்டாகக் கொள்வதே வழக்கம். எனது மனத்தைத் தைத்தது வேறொன்று. அந்த இளைஞனை நோக்கி, 'இந்த இரவிலே நீ ஏன் ஆற்றுக்கு வந்தாய்?' என்று தசரதன் கேட்கவில்லை. பெற்றோர் சபித்தபோது, 'ஒலி யானையின் ஒலி போலவே இருந்தது' என்று அவன் வழக்காடவுமில்லை. காணாததைக் கண்டதாகக் கொண்டு எய்தவன் தானே என்பதை அவன் ஏற்றுக்கொண்டான். இந்தச் சிறிய நுட்பத்தின் பெறுமதியை நான் நூலகத்திற் கற்கவில்லை. எனது ஊரிலேதான் கற்றேன்.

எனது ஊர் வன்னியில், குளமொன்றின் அலைகரையை அண்டியது. வயலின் எல்லை முடியுமிடத்திற் காடு தொடங்கும். பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த அக்காட்டில் மானும் மரையும் பன்றியும் உண்டு. ஆனி தொடக்கம் புரட்டாதி வரை மழையின்றிக் காடு காய்ந்துபோக, மோட்டைகள் வற்றும். எஞ்சிய நீர்நிலைகளைத் தேடி விலங்குகள் வரும். அவற்றைத் தேடித் துவக்கும் வரும். அதே காலத்திலேதான் பாலைப்பழம் பொறுக்கவும், தேன் எடுக்கவும், காட்டுக்குள் மேயவிட்ட மாடுகளைத் தேடவும் ஊரார் காட்டுக்குட் செல்வர். வேட்டைக்காரனும் வேட்டைக்காரனல்லாதவனும் ஒரே தடத்தில் நடக்கும் காலம் அது.

இந்நாட்டில் விலங்கினங்களையும் தாவரங்களையும் பாதுகாக்கும் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலே பிறந்தது. ஒருகாலத்தில் அனுமதிப்பத்திரம் பெற்று மானை வேட்டையாடும் முறை இருந்ததுண்டு. இன்று மான், மரை வேட்டை தண்டனைக்குரிய குற்றமாகும். பயிரைக் காக்கும் பொருட்டுக் கமக்காரர் அனுமதியுடன் துவக்கு வைத்திருக்க இடமுண்டு. ஆயினும் சட்டம் சட்டப்புத்தகத்திலும், இறைச்சி சட்டியிலும் இருக்கும் நிலை முற்றாக மாறிவிட்டதென்று எவரும் துணிந்து கூறார். தடைசெய்யப்பட்ட காரியம் இருளில் நடைபெறும்போது அதற்கு ஒழுங்கும் இல்லை, பருவமும் இல்லை. யார் எங்கே காத்திருக்கின்றார் என்பதை அறிய வழியும் இல்லை. ஆபத்தின் வேர் இங்கேதான் இருக்கின்றது.

பழைய தலைமுறையினர் இந்த ஆபத்தை அறியாதவர்களல்லர். காட்டுக்குட் புகுமுன் பச்சைக் குழையொன்றை முறித்து மரக்கொம்பில் தொங்கவிட்டு ஐயனாரை வேண்டிக்கொள்ளும் வழக்கம் வன்னியில் உண்டு. எனது அம்மம்மா இதனைப் பக்தியோடு செய்வார். சிறுவயதில் நானும் அதனை வழிபாடென்றே கருதியிருந்தேன். இப்போது சிந்திக்கும்போது அதற்கு இன்னொரு பயனும் இருந்திருக்கலாமெனத் தோன்றுகின்றது. வாடாத குழையைக் காண்பவன், தனக்கு முன்னர் ஒருவர் உள்ளே சென்றிருக்கின்றார் என்பதை அறிந்துகொள்வான். மேலும், எந்தத் திக்கிற் செல்கின்றோம், எந்தக் குளத்தடியால் திரும்புவோம் என்பதை வீட்டிற் சொல்லாமல் ஒருவரும் புறப்படுவதில்லை. வழியிற் கூப்பிட்டுக் குரல் கொடுத்தபடி நடப்பர். பேச்சுக்குரல் கேட்கும் திக்கை நோக்கி எவனும் சுடமாட்டான் என்பதே அதன் உட்பொருள். ஒருவர் காத்திருக்கும் நீர்நிலைக்கு இன்னொருவர் செல்வதில்லை என்பதும் அவர்களுக்குள் நிலவிய எழுதாச் சட்டம்.

இவையனைத்தும் துவக்கின் பின்னால் ஒரு மனிதன் இருக்கும்வரையே பயன்படும். மனிதனில்லாத துவக்கும் ஒன்றுண்டு. அதனைக் கட்டுத்துவக்கு என்பர். இரும்புக் குழாயொன்றில் வெடிமருந்தும் சன்னமும் இடித்து, அதனைத் தடிகளிற் பிணைத்து, விலங்கு செல்லும் தடத்துக்குக் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கயிறொன்றை இழுத்துவிடுவர். கயிற்றில் எது தட்டுப்பட்டாலும் வெடிக்கும். பன்றியின் உடல் உயரத்துக்குக் கட்டப்படுவதால், மனிதருக்குப் பெரும்பாலும் முழங்காலை அண்டியே காயமேற்படும். கட்டியவன் அவ்வேளை வீட்டிற் படுத்துறங்கிக்கொண்டிருப்பான்.

எனது பெரியப்பா 2014ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், இரண்டு நாள் பட்டிக்குத் திரும்பாத பசுவொன்றைத் தேடிச் சென்றார். காடு அவருக்குப் புதிதன்று. அன்றும் வீட்டிற் சொல்லிவிட்டே சென்றார். மாட்டைப் பெயர்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தார். கயிற்றுக்குக் காது கிடையாது. வெடிச்சத்தம் கேட்டு ஓடியவர்கள் அவரைச் சாரத்திற் கிடத்தித் தூக்கிவந்து, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார்கள். உயிர் தப்பியது, இடது கால் முழங்காலோடு போயிற்று. துவக்கைக் கட்டியவர் யாரென்பது இன்றுவரை வெளிப்படவில்லை. "பெட்டியிலே ஏத்தக் கைகுடுத்த ஆக்களுக்குள்ளை அவரும் நிண்டிருப்பார்" என்று அம்மா சில வேளைகளிற் சொல்லுவார். அவர் அதனைக் கோபத்தோடு சொல்வதில்லை என்பதே எனக்கு அதிக வேதனை தரும்.

பெரியப்பாவைப் பார்க்க வந்தவர்கள் பலர். அவர்களுட் பெரும்பாலோர் கேட்ட கேள்வி ஒன்றே: "உனக்கு அந்த நேரம் அங்கை என்ன வேலை?" அன்பினாற் கேட்டார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தசரதன் கேளாத கேள்வியை எங்கள் ஊர் கேட்டது. கயிறு கட்டியவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டவர் எவருமிலர்.

இது எங்கள் ஊருக்கு மட்டுமுரிய குணமோ என்ற ஐயத்தில், வேட்டை சட்டபூர்வமாகவும் பெருவழக்காகவும் உள்ள நாடொன்றின் நிலையை வாசிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவில் இலையுதிர்காலம் மான் வேட்டைக்குரிய பருவம். அனுமதிப்பத்திரம் பெற்ற பெருந்தொகையானோர் அந்தச் சில வாரங்களிற் காடுகளிற் புகுவர். அங்கு ஒரு வேட்டைக்காரன் மற்ற வேட்டைக்காரனின் குண்டுக்குத் தப்புவதே ஒரு கலையாகக் கற்பிக்கப்படுகின்றது. நியூயோர்க் மாநிலம் 1949ஆம் ஆண்டிலேயே இளம் வேட்டைக்காரருக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பெரும்பாலான மாநிலங்களில் துவக்குடன் மான் வேட்டைக்குச் செல்வோர் ஒளிரும் செம்மஞ்சள் நிற உடை அணிதல் வேண்டும். கொலராடோவில் இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலம் ஒளிரும் செம்மஞ்சளோ இளஞ்சிவப்போ இருத்தல் வேண்டுமென்பதோடு, தலையணியும் அத்தகைய நிறத்திலேயே அமைதல் வேண்டும். விஸ்கொன்சின் மாநிலம் 2016இல் ஒளிரும் இளஞ்சிவப்பையும் ஏற்றுக்கொண்டது.

மானுக்கு இந்நிறம் தெரிந்து அது ஓடிவிடாதா என்று கேட்கலாம். மனிதக் கண்ணில் நிறமறியும் கூம்புக் கலங்கள் மூவகை. மானின் கண்ணில் இருவகையே உண்டு. சிவப்பையும் செம்மஞ்சளையும் பச்சையினின்றும் அது பிரித்தறிவதில்லை. மனிதனுக்குத் தீயெனத் தெரிவது மானுக்கு மங்கலாகத் தெரிகின்றது. உயிர்காக்கும் வாய்ப்பொன்றை இயற்கையே தந்திருக்கின்றது எனலாம். வெள்ளை நிறம் கூடாதென்றும் அங்கு கற்பிக்கின்றனர். அங்குள்ள வெண்வால் மான் வெருண்டோடும்போது வாலை உயர்த்தும். வாலின் அடிப்புறம் வெண்மையானது. கைக்குட்டையின் வெண்மையும் மானின் வாலாகத் தோன்றக்கூடும். மற்றொருவன் அண்மையில் வருவது தெரிந்தால் கையசைக்கலாகாது, அசையாது நின்று உரக்கக் குரல் கொடுத்தல் வேண்டும். சுட்ட மானைத் தோளிற் சுமந்து செல்லலாகாது, செம்மஞ்சள் துணியால் மூடியே கொண்டுசெல்லல் வேண்டும் என்பனவும் அக்கல்வியின் பாற்பட்டவை.

இவ்வளவு இருந்தும் 1988ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மெய்ன் மாநிலத்தில் ஓர் இளந்தாய், தனது வீட்டின் பின்புறத்தில் நின்றபோது வேட்டைக்காரனொருவனின் குண்டுக்குப் பலியானார். அவர் அணிந்திருந்தது வெள்ளைக் கையுறை. தான் மானைக் கண்டதாகவே சுட்டவன் கூறினான். 1990இல் யூரிமார் அவனைக் குற்றமற்றவனென விடுவித்தனர். அதற்கிடையில், செம்மஞ்சள் உடுக்காமல் வேட்டைப் பருவத்தில் அவர் ஏன் வெளியே வந்தார் என்று அவ்வூரிற் பலர் பேசினர். இதனை வாசித்தபோது எனது பெரியப்பாவின் கட்டிலைச் சுற்றி நின்றவர்களின் குரல் எனக்குக் கேட்டது. மொழியும் நாடும் வேறு, கேள்வி ஒன்றே.

ஆயினும் அந்த மாநிலம் அத்தோடு நின்றுவிடவில்லை. அந்த மரணத்தின் பின்னர், வேட்டைக்காரன் தன் இலக்கை எவ்வாறு உறுதிப்படுத்தல் வேண்டுமென அது சட்டமியற்றியது. விலங்கின் தலையையும் உடலையும் தடையின்றிக் கண்டபின்னரே சுடலாம். ஒலியை மட்டுங் கொண்டோ, உடலின் ஒரு பகுதியை மட்டுங் கண்டோ முடிவு செய்தலாகாது என்பதே அதன் சாரம். சரயு நதிக்கரையில் தசரதனுக்குக் கூறியிருக்க வேண்டிய விதி இதுவேயன்றோ!

மனிதனின் கண், காணவிரும்புவதையே முந்திக் காணும். மணிக்கணக்கில் மானை நினைந்து காத்திருப்பவனுக்கு அசையும் கிளை கொம்பாகும். சருகின் ஓசை குளம்பொலியாகும். மீதியை மனமே வரைந்து நிரப்பிவிடும். றைபிள் குண்டு ஒரு மைலுக்கு மேலும் செல்லவல்லது. ஆதலால் இலக்கை மட்டுமன்றி, இலக்குக்கு அப்பால் என்ன இருக்கின்றதென்பதையும் அறிந்த பின்னரே விசையில் விரல் படலாம் என்பர். துவக்குடையவனுக்கு வேண்டிய முதற்பண்பு குறிதவறாமையன்று, ஐயமே. அவனுடைய ஐயத்திலேதான் மற்றவனுடைய உயிர் தங்கியிருக்கின்றது. செம்மஞ்சள் உடையும், உரத்த குரலும், வாசலில் தொங்கும் குழையும் அந்த ஐயத்தை எழுப்பும் துணைகள் மட்டுமே. துணையில்லாதவன் சாகலாம் என்று அவை எவருக்கும் அனுமதி வழங்குவதில்லை.

கட்டுத்துவக்குக்கு ஐயம் என்பதே இல்லை. இவ்வகையில் அது மிதிவெடியின் உடன்பிறப்பு. 2009இற் போர் முடிந்து மீளக்குடியேறிய எங்கள் மக்கள், மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளைக் கண்டு ஒதுங்கி நடக்கப் பழகினார்கள். 2017இல் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. மிதித்தவனைக் குற்றஞ்சாட்டும் வழக்கம் அங்கு எழவில்லை. புதைத்தது தவறென்றே அனைவரும் கூறினோம். அந்நியர் புதைத்ததென்றால் எளிதிற் பிறக்கும் அந்நியாயவுணர்வு, அயலவர் கட்டியதென்றால் ஏன் பிறப்பதில்லை? பன்றி பயிரை அழிக்கின்றது. கமக்காரன் இரவு முழுவதும் பரணில் விழித்திருக்க முடியாது. அந்த வறுமையையும் களைப்பையும் அறியாமல் நான் எழுதவில்லை. எங்கள் வயலையும் பன்றி கிளறியிருக்கின்றது. ஆனால் தன் உறக்கத்துக்கு மற்றவனின் காலை விலையாக வைக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர்களாகிய எம்மால் இயலக்கூடியது சிறிதே, ஆயினும் இல்லையென்பதற்கில்லை. வரட்சிக் காலத்திற் காட்டுக்குட் செல்வோர் பளிச்சென்ற நிறத்தில் உடுக்கவும், தனியே செல்லாதிருக்கவும், விலங்குத் தடங்களை விட்டு வண்டிப்பாதையிலேயே நடக்கவும், பொழுது சாயுமுன் திரும்பவும் சொல்லலாம். கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலே கட்டுத்துவக்கைப் பற்றி வெளிப்படையாகப் பேசலாம். யார் கட்டுகின்றார் என்பது ஊரில் ஒருவருக்காவது தெரிந்தே இருக்கும். அயலவர் என்ற தயக்கம் காரணமாக அந்த ஒருவர் பேசாதிருக்கின்றார். அவர் வாய்திறக்கத் தக்க சூழலை உண்டாக்குதல் படித்தவர்களின் பொறுப்பாகும்.

யாவற்றுக்கும் மேலாக, அடிபட்டவனின் கட்டிலருகே நின்று கேட்கும் கேள்வியை நாம் மாற்றிக்கொள்ளலாம். 'மானென்று எண்ணினேன்' என்பது ஒருவனை விடுவிக்கும் சொல்லன்று. எண்ணியவன் பார்க்கவில்லை என்பதற்கு அதுவே அவனுடைய வாக்குமூலம். பெரியப்பா இப்போதும் மாலை வேளையில் ஊன்றுகோலுடன் அலைகரை வரை செல்கின்றார், அதற்கப்பாற் செல்வதில்லை. அந்தக் காட்டின் தடங்களை அவரைவிட நன்கறிந்தவர் எங்கள் ஊரில் வேறெவரும் இல்லை.