இருதயத்தைச் சூழ்ந்த முடி

ஜூன் மாதம் பிறந்தால் பங்கு வீடுகள்தோறும் சென்று திரு இருதயப் படங்களை மந்திரிப்பது நமது நெடுநாள் வழக்கம். அப்படத்தில் ஆண்டவரின் இருதயத்தைச் சுற்றி முள்முடி இருப்பதைக் கண்டு வளராத கத்தோலிக்கப் பிள்ளை இராது. இருதயத் தசைக்கு இரத்தமூட்டும் குழாய்களுக்கு மருத்துவர் இட்டுள்ள பெயரும் 'கொரோனா' என்னும் இலத்தீன் சொல்லினின்று பிறந்ததே. முடி என்பது அதன் பொருள். குருமடத்தில் இச்சொல்லைக் கற்றோம். அம்முடி நமது மார்பினுள்ளும் உண்டென்பதைச் சென்ற ஆண்டுதான் உணர்ந்தோம்.

படியேறும் போதெல்லாம் நெஞ்சில் ஓர் இறுக்கம். வாயு என்று நாமே முடிவு கட்டி, மோரில் பெருங்காயம் கலந்து பருகி வந்தோம். ஐந்து மாதம் ஒருவரிடமும் சொல்லவில்லை. பிறர் தம் உள்ளத்தை மறைக்கலாகாது என்று பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து போதிக்கும் நாம் இப்படிச் செய்தோம்! உபதேசியார் கண்டுகொண்டு, ஏறக்குறைய இழுத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போனார். மணிக்கட்டின் வழியே மெல்லிய குழலைச் செலுத்தி ஆஞ்சியோகிராம் எடுத்தனர். 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாய் ஓரிடத்தில் நூலாய் இளைத்திருந்தது. அங்கே ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாயை வைத்து வழிதிறந்தனர்.

ஓய்வு நாட்களில், இவ்வகைப் படம் எவ்வாறு தோன்றியதென்று தேடிப் படித்தோம். எக்ஸ்-ரே எலும்பைக் காட்டும். இரத்தக் குழாயைத் தசையினின்று பிரித்துக் காட்டாது. அயோடின் சேர்ந்த சாயத்தைச் செலுத்தினால்தான் குழாய் புலப்படும். ஆனால் அச்சாயத்தை இருதயக் குழாய்க்குள் நேரே விட்டால் இருதயம் துடிதுடித்து உயிர் போகும் என்று மருத்துவ உலகம் அஞ்சியிருந்தது. ஆகவே பெருந்தமனியில் சாயத்தைக் கலந்து, மங்கலாய்த் தெரிந்ததைக் கொண்டே அந்நாளில் மனநிறைவு கொண்டனர்.

1958 அக்டோபர் 30. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் மேசன் சோன்ஸ் என்னும் மருத்துவர், ருமாட்டிக் காய்ச்சலால் இருதய வால்வு பழுதுற்ற 26 வயது இளைஞரைப் பரிசோதித்துக் கொண்டிருந்தார். மேசைக்கடியில் பள்ளம் ஒன்றில் இருந்தவாறு திரையைப் பார்த்தார். பெருந்தமனியில் நிற்க வேண்டிய குழலின் முனை நழுவி வலது இருதயக் குழாய்க்குள் புகுந்துவிட்டது! வெளியே இழுப்பதற்குள் ஏறக்குறைய 30 கன சென்டிமீட்டர் சாயம் பாய்ந்துவிட்டது. இருதயம் நின்றது. மார்பைப் பிளந்து கையால் பிசைய நேரிடுமென்று கத்தியைத் தேடிச் சோன்ஸ் மேலேறி ஓடி வந்தார். வந்தவர், இருதயம் கண்டபடி துடிக்கவில்லை, வெறுமனே நின்றிருக்கிறது என்பதைக் கருவியில் கண்டார். பலமாய் இருமும்படி இளைஞரிடம் கூவினார். நினைவு தப்பாதிருந்த இளைஞர் சில முறை இருமினார். அந்த அழுத்தத்தில் சாயம் வெளியேற, இருதயம் மீண்டும் துடிக்கத் தொடங்கியது.

இவ்விடத்தில் நாம் வெகு நேரம் தயங்கினோம். அப்பிழையை நாமாயிருந்தால் என்ன செய்திருப்போம்? பிழைத்ததே பெரிதென்று வாயை மூடியிருப்போம். சோன்ஸ் அதையே ஆராய்ந்தார். இத்தனை சாயத்தைத் தாங்கிய இருதயம் சிறிதளவைத் தாங்காதோ என்று கேட்டார். அதற்கென முனை மெலிந்த குழல் ஒன்றை வகுத்தார். அஞ்சியதையே முறையாகச் செய்தார். 1962-ல் அர்ஜெண்டினாவின் நாட்டுப்புற மருத்துவர் ரெனே ஃபவலோரோ கிளீவ்லாந்துக்கு வந்தார். சோன்ஸின் படச்சுருள்களைப் பார்த்துப் பயின்று, 1967-ல் காலின் சிரையை எடுத்து அடைப்பைச் சுற்றி மாற்றுவழி அமைத்தார். அதுவே இன்று நாம் பைபாஸ் என்பது. அடைப்பு எங்கே என்று காணாமல் வழி அமைப்பதெப்படி?

சோன்ஸ் ஓயாது புகைபிடித்தவர். 1985-ல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். பெயர் வெளியே தெரியாத அந்த இளைஞரையும் அவருடன் சேர்த்துத் திருப்பலியில் நினைத்து வருகிறோம்.

இவ்வாண்டு ஜூனில் வீடு மந்திரிக்கச் சென்றபோது, ஒரு வீட்டுத் தலைவர் முழந்தாளிட்டு எழுகையில் வியர்த்து மார்பைத் தடவினார். "வாயுத் தொல்லைதான் சாமி, ரெண்டு மாசமா இருக்கு" என்றார். அவர் மனைவி அடுப்படியில் பெருங்காய டப்பாவை எடுக்கும் ஓசை கேட்டது. தீர்த்தச் செம்பை வைத்துவிட்டு, ஆட்டோ கொண்டுவர உபதேசியாரை அனுப்பினோம். எஞ்சிய ஏழு வீடுகளையும் மறுநாள் மந்திரித்தோம்.