தர்மத்துக்குக் கணக்கு உண்டா?

நம்முடைய கலியாண வீடுகளில் பந்தல் வாசலுக்கு அருகே ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்னால் நீளமான நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கும். வருகிறவர்கள் பணத்தைக் கொடுத்து, ஊரையும் பேரையும் சொல்லுவார்கள். அவர் அதைத் திருப்பிப் படித்துக் காட்டி எழுதிக்கொள்வார். இதை யாரும் அவமதிப்பாக நினைப்பதில்லை. பெயர் எழுத விட்டுப் போனால்தான் சண்டை வரும்! புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கங்களில் மொய் விருந்து என்றே தனியாக விருந்து வைத்து லட்சக் கணக்கில் பணம் திரட்டுகிறார்கள். பத்திரமில்லை, முத்திரைக் காகிதமில்லை. மொய் நோட்டும் நாலு பேர் சாட்சியுந்தான் அத்தனைக்கும் ஆதாரம்.

கலியாணத்துக்கும் காதுகுத்துக்கும் இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைக்கும் நாம், ஒரு குழந்தையின் உயிரைக் காப்பதற்காகக் கொடுக்கும் பணத்துக்கு மட்டும் கணக்கு என்ற சொல்லை உச்சரிக்கவே கூசுகிறோமே, அது ஏன்?

இன்று கைபேசியைத் திறந்தால் இப்படிப்பட்ட வேண்டுகோள் ஒன்றாவது கண்ணில் படாமல் இருப்பதில்லை. மூக்கில் குழாயுடன் ஒரு குழந்தை படுத்திருக்கிறது. பக்கத்தில் தாயார் கண்ணீருடன் நிற்கிறாள். கீழே ஒரு பெருந்தொகையும், பணம் செலுத்துவதற்குக் கட்டம் கட்டமான ஒரு சதுரச் சித்திரமும் இருக்கின்றன. இரண்டு விநாடியில் ஐந்நூறு ரூபாய் நம்மை விட்டுப் போய்விடுகிறது. எங்கே போயிற்று என்று கேட்டால் நம்மில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குப் பதில் தெரியாது.

இந்த ஏற்பாட்டை நான் குறை கூறவில்லை. நம் தேசத்தில் 2010-ஆம் வருஷத்தில் மிலாப், 2012-இல் கெட்டோ, 2014-இல் இம்பாக்ட்குரு என்று இதற்கான ஸ்தாபனங்கள் வரிசையாகத் தோன்றின. ஆஸ்பத்திரி கொடுத்த செலவு மதிப்பீட்டையும் நோயாளியின் அடையாளப் பத்திரங்களையும் இவை வாங்கிப் பார்க்கின்றன. முன்காலத்தில் ஏழை வீட்டில் பெருநோய் வந்தால் தாலியை விற்பார்கள்; வீட்டை அடகு வைப்பார்கள்; அதற்கும் மேலே போனால் தெய்வம் விட்ட வழி என்று இருந்துவிடுவார்கள். இன்று முன்பின் அறியாத ஆயிரம் பேர் சேர்ந்து ஒரு குழந்தையைப் பிழைக்க வைக்க முடிகிறது. இது சாமான்யமான காரியமல்ல.

2021-ஆம் வருஷத்தில் கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள். முதுகுத் தண்டு நரம்புகள் செயலிழந்து தசைகள் நலியும் ஒரு கொடிய வியாதி ஒரு சிறுவனுக்கு. அதற்கான ஒரே ஒரு ஊசி மருந்தின் விலை 18 கோடி ரூபாய்! வேண்டுகோள் வெளியான சில நாட்களுக்குள் 46 கோடிக்கு மேல் வந்து குவிந்துவிட்டது. போதும், இனி அனுப்பாதீர்கள் என்று நிதிக் கமிட்டியாரே கேட்டுக்கொள்ளும்படி ஆயிற்று. ஜனங்களின் மனத்தில் ஈரம் வற்றிவிட்டது என்று சொல்லுகிறவர்கள் இந்தச் சம்பவத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் அதே வருஷம் ஜூலை மாதத்தில், அதே கேரளத்தில், அதே வியாதியால் வருந்திய வேறொரு குழந்தை மருந்து வருவதற்கு முன்பே இறந்துவிட்டது. அப்போது அதன் பெயரில் 16 கோடிக்கு மேல் சேர்ந்திருந்தது. குழந்தை போய்விட்டது, பணம் நிற்கிறது. அது யாருடைய பணம்? பெற்றோருடையதா? கொடுத்தவர்களுடையதா? அதே வியாதியுடன் காத்திருக்கும் மற்றக் குழந்தைகளுடையதா? இத்தகைய நிதி திரட்டலுக்குச் சர்க்காரின் மேற்பார்வை வேண்டும் என்று கேரள ஹைகோர்ட்டே அந்தச் சமயத்தில் எடுத்துக்காட்டியது. நல்லவர்கள் நல்ல எண்ணத்துடன் திரட்டிய நிதியிலேயே இவ்வளவு சிக்கல் என்றால், கெட்டவர்கள் கையில் அகப்படும் நிதியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? மெய்யான ஒரு வேண்டுகோளிலுள்ள படத்தை அப்படியே எடுத்து, வங்கி எண்ணை மட்டும் மாற்றி உலவவிடுகிற மோசக்காரர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். குழந்தையும் நிஜம், வியாதியும் நிஜம். பணம் போய்ச் சேரும் இடம் மட்டும் பொய்!

இந்த விஷயத்தில் நம்மிடையே இரண்டு கட்சிகள் உண்டு. “கொடுத்த பிறகு கணக்குக் கேட்டால் தர்மத்தின் பலன் போய்விடும்” என்பது ஒரு கட்சி. “எல்லாம் ஏமாற்று வேலை; நான் காலணா கொடுக்க மாட்டேன்” என்பது மற்றொரு கட்சி. யோசித்துப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே தொல்லையிலிருந்து தப்பித்துக்கொள்கிறார்கள் என்று தோன்றுகிறது. விசாரிப்பது என்ற தொல்லைதான் அது. முதலாமவர் கொடுத்துவிட்டுத் தப்புகிறார்; இரண்டாமவர் கொடாமலே தப்புகிறார்.

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பில் படித்த ஒரு பையனுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. தகப்பனார் தெருத்தெருவாக வண்டி தள்ளித் துணிகளுக்கு இஸ்திரி போடுகிறவர். அக்காளின் எலும்பு மஜ்ஜையை எடுத்துத் தம்பிக்கு வைத்தால் பிழைக்க வழியுண்டு என்று டாக்டர்கள் சொன்னார்கள். இன்ஷூரன்ஸ் கொடுத்தது போக இன்னும் ஒன்பது லட்சம் வேண்டியிருந்தது. உபாத்தியாயர்கள் சிலர் கமிட்டியாகச் சேர்ந்து, மேலே சொன்னது போன்ற ஒரு ஸ்தாபனத்தின் மூலம் வேண்டுகோள் விடுத்தோம். கணக்கு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

வேண்டுகோளை எழுதும்போதே ஒரு தகராறு. பணம் மிஞ்சினாலோ, தேவைப்படாமற் போனாலோ என்ன செய்வது என்று அதில் குறிப்பிட வேண்டும் என்றார் கணித ஆசிரியர். “தேவைப்படாமற் போனால்” என்பதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். நல்ல காரியம் தொடங்கும்போது இப்படி அபசகுனமாக எழுதலாமா என்று தலைமையாசிரியர் முகத்தைச் சுளித்தார். எனக்கும் சங்கடமாய்த்தான் இருந்தது. மூலையில் நின்றுகொண்டிருந்த தகப்பனார் அப்போது வாயைத் திறந்தார். “எழுதுங்க சார். அப்புறம் என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கக் கூடாது” என்றார். மிஞ்சுவது அதே வார்டிலுள்ள மற்றக் குழந்தைகளின் வைத்தியத்துக்கு என்று எழுதினோம்.

ஆஸ்பத்திரிக் கட்டணம் நேராக ஆஸ்பத்திரிக்கே போயிற்று. அறை வாடகை, வழிச் செலவு, மருந்து முதலியவற்றுக்கு மட்டும் இரண்டு பேர் கையெழுத்துடன் தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்தோம். பதினைந்து நாளைக்கு ஒரு முறை வரவு செலவைக் கொடுத்தவர்கள் அனைவருக்கும் தெரிவித்தோம்.

மஜ்ஜை மாற்றும் சிகிச்சை முடிந்து பையன் வீட்டுக்கு வந்த சில தினங்களில், அந்த ஒற்றை அறை வீட்டின் வாசலில் ஒரு புதிய குளிர்சாதனப் பெட்டி வந்து இறங்கியது. அதே தெருவில் இருக்கும் ஒரு கனவான் இதைப் பார்த்துவிட்டார். இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தவர் அவர். “நாம் கொடுத்த பணம் ஐஸ் தண்ணீர் குடிக்கவா?” என்று படத்துடன் வாட்ஸப்பில் போட்டார். அவ்வளவுதான்! ஒரு மணி நேரத்தில் நாற்பது பேர் நாற்பது விதமாக அபிப்பிராயம் சொல்லிவிட்டார்கள். “இவர்களுக்கெல்லாம் கொடுத்தால் இப்படித்தான்” என்று கூட ஒருவர் எழுதினார். பையனின் தகப்பனார் இரண்டு நாள் அந்தத் தெருப் பக்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவே இல்லை. என்னிடம் வந்து, “பெட்டியைத் திருப்பிக் கொடுத்துடலாமா சார்?” என்று கேட்டார்.

நான் கணக்குப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். “குளிர்சாதனப் பெட்டி ஒன்று, ரூ. 12,800. ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைப்பதற்காக. டாக்டர் சீட்டு இணைத்திருக்கிறது” என்று அதில் எழுதியிருந்தது. நாற்பது பேரும் மௌனமானார்கள். கனவானும் நல்ல மனிதரே; மறுநாள் அவரே போய் இஸ்திரிக்குத் துணி கொடுத்துவிட்டு வந்தார்.

கணக்கு என்பது கொடுத்தவனுடைய பணத்துக்குக் காவல் என்றுதான் அதுவரை நான் எண்ணியிருந்தேன். அது வாங்குகிறவனுடைய மானத்துக்குக் காவல் என்பது அன்றைக்குத்தான் விளங்கிற்று. அந்த ஒரு வரி எழுதியிராவிட்டால், அந்த மனிதர் தம் ஆயுள் முழுவதும் மகனின் வியாதியை வைத்துக் குளிர்சாதனப் பெட்டி வாங்கியவராகவே அந்தத் தெருவில் நடமாடியிருப்பார். பணக்காரனிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஏழையைக் கேளாமலே சந்தேகிக்கிறார்கள். அதற்கு எதிராக ஏழைக்கு இருக்கும் ஒரே சாட்சி எழுதி வைத்த கணக்கு.

ஆனால் கேட்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பையனுடைய படத்தை வாரா வாரம் அனுப்ப வேண்டும் என்று ஒரு பெரிய மனிதர் எங்களைக் கேட்டார். தலைமயிர் எல்லாம் உதிர்ந்து போயிருந்த பையன் படம் எடுக்கச் சம்மதிக்கவில்லை. நாங்கள் அனுப்ப மறுத்துவிட்டோம். பணத்துக்குக் கணக்குக் கேட்கக் கொடுத்தவருக்குப் பாத்தியதை உண்டு. அந்த வீட்டார் என்ன சாப்பிடுகிறார்கள், பண்டிகைக்குப் புதுத்துணி எடுத்தார்களா, நோயாளி சிரிக்கிறானா அழுகிறானா என்று கேட்கப் பாத்தியதை இல்லை. ஐந்நூறு ரூபாய்க்கு ரசீது உண்டு. ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு குடும்பம் விலைக்குக் கிடைக்காது.

கடைசியில் எங்கள் நிதியில் ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமாகவே மிஞ்சியது. யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. வாக்களித்தபடி அதே வார்டிலிருந்த ஒரு சிறுமியின் கணக்கில் கட்டி, ரசீதை எல்லோருக்கும் அனுப்பினோம். அபசகுனம் என்று நினைத்த ஒரு வரி அந்தச் சிறுமிக்கு உதவியது. பையன் இப்போது பள்ளிக்கூடத்துக்கு வந்துகொண்டிருக்கிறான்; கணக்கில் மட்டும் இன்னும் கொஞ்சம் மந்தம்!

தர்மத்துக்குக் கணக்கு என்பது நமக்குப் புதிய விஷயமுமல்ல. சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் விட்டால், விட்டவர் பெயர், ஆடுகளை ஏற்றுக்கொண்டவர் பெயர், நாள்தோறும் அளக்க வேண்டிய உழக்கு நெய் எல்லாவற்றையும் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். பகவானுக்கு ஏற்றும் விளக்குக்கே கணக்கு! 1894-ஆம் வருஷத்தில் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் இந்தியக் காங்கிரஸை ஆரம்பித்த காந்தி மகான், சிறு தொகைகளுக்குக் கூட ரசீது கொடுக்காமல் விடவில்லை. ஒழுங்கான கணக்கு இல்லாமல் பொதுக் காரியத்தில் சத்தியத்தைக் காப்பாற்ற முடியாது என்ற கருத்தைத் தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார்.

ஆகவே, வேண்டுகோள் வரும்போது நாம் செய்யக்கூடியவை சில உண்டு. ஆஸ்பத்திரியின் பெயரும் செலவு மதிப்பீடும் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். வேண்டுகோளில் கண்ட எண்ணை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியின் சொந்த எண்ணைத் தேடி விசாரிக்கலாம். பணம் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகிறதா என்று கேட்கலாம். ஸ்தாபனத்துக்கென்று தனியாக ஒரு தொகை நம் கணக்கில் சேர்கிறதா என்பதைப் பணம் செலுத்தும் முன் கவனிக்கலாம். 2018-இல் ஏற்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை உண்டு; அது போன்ற உதவி கிடைத்ததா என்று தெரிந்துகொள்ளலாம். மிஞ்சினால் என்ன செய்வார்கள் என்றும் கேட்கலாம். இத்தனைக்கும் பத்து நிமிஷம் போதும். பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்ற பழமொழிக்கு, பாத்திரத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார் என்றும் பொருள் கொள்ளலாம் அல்லவா?

சர்க்காருக்கும் இதில் பங்கு உண்டு. 2021-ஆம் வருஷத்து அரிய நோய்க் கொள்கையின்படி, நன்கொடையை நேராகக் குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகளுக்குச் செலுத்த மத்திய சர்க்காரே ஒரு வலைத்தளம் ஏற்படுத்தியது. நல்ல ஆரம்பம். எல்லா வியாதிக்கும், எல்லா ஸ்தாபனத்துக்கும் இந்த ஒழுங்கு பரவ வேண்டும். ஓர் ஏழைக் குழந்தை தன் படத்தை உலகத்துக்கெல்லாம் காட்டித்தான் மருந்து வாங்க வேண்டும் என்ற நிலைமையே மாற வேண்டும் என்பது வேறு விஷயம். அது அதைவிடப் பெரிய விஷயம்.

அந்த நாள் வரும் வரையில் வேண்டுகோள்கள் வந்துகொண்டுதான் இருக்கும். நாளைக்கு ஒரு தாய் வந்து கேட்கும்போது அவளை ஜனங்கள் நம்ப வேண்டுமானால், இன்றைக்கு வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு இருக்க வேண்டும். ஆகையால் நேயர்களே, கொடுங்கள், கொடுத்துவிட்டுக் கேளுங்கள், மரியாதையாகக் கேளுங்கள்.