யார் யாருக்குப் போனது?

திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டுக்குள் என்ன வேலை நடக்கிறது என்று தெரிந்துகொள்ள உள்ளே போக வேண்டியதில்லை. வாசலில் இரும்புச் சுருள் குவிந்திருந்தால் லேத் வேலை. தகட்டுத் துண்டுகள் கிடந்தால் பிரஸ் ஷாப். பவுடர் கோட்டிங் என்றால் தெருமுனையிலேயே மூக்கு சொல்லிவிடும். யார் புது மிஷின் இறக்கியிருக்கிறார், யார் இந்த மாதச் சம்பளத்துக்குத் திணறுகிறார், யார் வீட்டில் கல்யாணம் என்பதெல்லாம் டீக்கடையில் கிடைக்கும். இரண்டு விஷயத்தை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பீஸுக்கு என்ன ரேட் என்பது ஒன்று. அந்த வேலையைக் கொடுப்பது யார் என்பது மற்றொன்று.

நான் இங்கே சில யூனிட்டுகளுக்குக் கணக்குப் பார்ப்பவன். பில், டெலிவரி சலான், ஜிஎஸ்டி ரிட்டர்ன், இவை போக முதலாளிகளுக்கு வரும் மெயிலைப் படித்துச் சொல்வதும் பதில் அடித்துக் கொடுப்பதும் என் தலையில்தான். அதனால் ஒருவர் ரேட் இன்னொருவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் பாதி.

ஒருநாள் அந்த யூனிட்டுகளில் ஒன்றுக்கு வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் பர்ச்சேஸ் பிரிவிலிருந்து என்கொயரி வந்தது. ஒரு பிராக்கெட்டுக்கு ரேட் கேட்டிருந்தார்கள். கடிதம் நாலே வரி: டிராயிங் இணைப்பில், மாதம் இத்தனை பீஸ், இந்தத் தேதிக்குள் கொட்டேஷன் வேண்டும், நன்றி. அந்த நாலு வரிக்கு மேலே, 'டு' கட்டத்தில், அவர்கள் யார் யாரிடம் ரேட் கேட்கிறார்களோ அத்தனை பேரின் முகவரியும் வரிசையாக நின்றது. முதலாளி கடிதத்தைப் படிக்கவே இல்லை. முகவரிகளைத்தான் படித்தார்.

சிறு யூனிட்டுகளின் மெயில் முகவரியைப் பார்த்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். குலதெய்வத்தின் பெயர், அதை ஒட்டி என்ஜினியரிங், அதற்குப் பின்னால் முதலாளி பிறந்த வருஷம். சிலருடையது மகள் பெயரில் இருக்கும். எட்டாவது படிக்கும்போது அவள்தான் கணக்கைத் திறந்து கொடுத்திருப்பாள், இப்போது அவளுக்கே குழந்தை இருக்கும். பெரிய கம்பெனிகளின் முகவரியில் கம்பெனி மட்டும் தெரியும். இவர்களுடையதில் ஆளும் தெரியும், ஊரும் தெரியும்.

"சார், மூணாவது பேரு யாருதுன்னு பாத்தீங்களா?" என்றார் முதலாளி.

பார்த்தேன். பார்க்காததுபோல இருந்தேன்.

"நம்மகிட்ட வேலை வாங்கிச் செய்யற பையன் சார். கம்பெனி டிராயிங்க நான்தான் அவனுக்கு அனுப்பறேன். இப்ப அவனுக்கு நேராவே என்கொயரி போவுதா?"

"வெண்டர் லிஸ்ட்ல எப்பயோ பேரு குடுத்திருப்பாரு அண்ணே. அதுல இருக்கறவங்களுக்கெல்லாம் தட்டி வுட்டுருப்பாங்க."

"குடுத்தவன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணுமில்ல?"

அந்தப் பையனின் ஷெட்டும் இதே பேட்டையில்தான், சில சந்து தள்ளி. அங்கேயும் நான்தான் கணக்கு. அன்று சாயங்காலம் போனபோது அதே மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அண்ணன் பேரும் இருக்கு சார். நான் ரேட் போட்டா அவரு என்னா நெனைப்பாரு? போடலன்னா கம்பெனிக்காரன் அடுத்த தபா கேப்பானா?" கடைசியில் அவன் போடவில்லை. அந்த வேலைக்கு அவன் ரேட்தான் குறைவாக இருந்திருக்கும். அவன் மிஷினின் மணிக்கணக்கும் கரண்டு பில்லும் என்னிடம் இருப்பதால் சொல்கிறேன். அண்ணனும் முன்போல அவனுக்கு வேலை கொடுப்பதில்லை. முறைத்துக்கொள்ளவில்லை, பேச்சும் நிற்கவில்லை. சலான் எண்ணிக்கையில் தெரிகிறது.

இதற்கு நடுவே பட்டியலில் இருந்த இன்னொருவர் போன் போட்டு, எல்லாம் நம்மாளுங்கதானே, அடித்துக்கொள்ளாமல் பேசிவைத்து ஒரே ரேட்டாகப் போடலாமே என்று கேட்டார். 2002ஆம் வருடத்துப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள். அப்படிப் பேச வேண்டுமென்றால் யார் யார் என்று முதலில் தெரிய வேண்டுமே! அந்த வேலையைக் கம்பெனியே செய்து கொடுத்துவிட்டது. காகிதத்தில் கேட்கும் அரசு டெண்டரில் உறையை ஒட்டி, குறித்த நாளில், வந்தவர்கள் முன்னிலையில் பிரிக்கிறார்கள். பிரித்த பிறகு எல்லாம் வெளிச்சம்தான். பிரிக்கும் வரைக்கும்தான் மறைவு வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் அரக்கு. இங்கே போட்டி தொடங்குவதற்கு முன்பே ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் அறிமுகமாகிவிட்டார்கள். நஷ்டம் மெயில் அனுப்பிய கம்பெனிக்கும்தான்.

அந்தப் பர்ச்சேஸ் பெண்ணையோ பையனையோ குறை சொல்ல எனக்கு மனமில்லை. காலையில் ஐம்பது மெயில் அடிக்கிற ஆளுக்கு 'டு', 'சிசி', 'பிசிசி' மூன்றும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும் கட்டங்கள். மூன்றில் எதில் போட்டாலும் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். வித்தியாசம் அனுப்புகிறவர் கண்ணில் படுவதே இல்லை, வாங்குகிறவர் திரையில்தான் தெரிகிறது.

இந்த மூன்றாவது கட்டம், அதாவது முகவரியை மற்றவர்களுக்குக் காட்டாத பிசிசி, கம்ப்யூட்டருக்கு முன்பே இருந்தது. பூந்தமல்லியிலோ ஆவடியிலோ டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் முடித்த தலைமுறைக்குக் கார்பன் தாள் தெரியும். கடிதம் ஒருவருக்கு, நகல் இன்னொருவருக்கு, அந்த நகல் போவது முதலாமவருக்குத் தெரியக் கூடாது என்றால், அடித்து முடித்ததும் மேல்தாளை உருவி எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் நகலில் மட்டும் அந்தப் பெயரைத் தட்டுவார்கள். 1977 நவம்பரில், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டுக்காக டேவிட் குரோக்கரும் வேறு மூவரும் எழுதிய மெயில் விதியில், ஆர்எஃப்சி 733 என்பது அதன் பெயர், பிசிசி வந்துவிட்டது. டைப்பிஸ்டின் விரல் செய்ததை மென்பொருள் செய்ய வேண்டும் என்பதுதான் எண்ணம்.

அது எப்படி நடக்கிறது என்பது எனக்குப் பிடித்த பகுதி. மெயிலைக் கொண்டுசேர்க்க 1982இல் ஜான் பாஸ்டல் வகுத்த எஸ்எம்டிபி முறையில் மெயிலுக்கு ஓர் உறை உண்டு, அந்தப் பெயராலேயே அதைக் குறிப்பிடுகிறார்கள். நம் கம்ப்யூட்டர் சர்வரிடம் பேசும்போது, இவருக்குக் கொடு, இவருக்குக் கொடு என்று ஒவ்வொரு முகவரியாகச் சொல்லும், அதுதான் உறை. பிறகுதான் கடிதத்தைக் கொடுக்கும். கடிதத்தின் தலையில் நாம் பார்க்கும் 'டு' வரி கடிதத்தின் ஒரு பகுதி மட்டுமே, விநியோகத்துக்கு அது தேவையே இல்லை. ஆகவே உறையில் நூறு பெயர் இருக்கலாம், கடிதத்தில் ஒரு பெயரும் இல்லாமல் இருக்கலாம். தபால்காரருக்குத் தெரிய வேண்டியதும் படிக்கிறவருக்குத் தெரிய வேண்டியதும் ஆரம்பத்திலேயே தனித்தனியாகத்தான் வைக்கப்பட்டிருந்தன. இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது நம் பழக்கம்.

ஆனாலும் பிசிசி இரும்புப் பெட்டி ஒன்றும் கிடையாது. 2008இல் வந்த ஆர்எஃப்சி 5322, பிசிசி வரியைக் கையாள மூன்று வழி சொல்கிறது. அனுப்பும்போதே அந்த வரியை எல்லாப் பிரதியிலிருந்தும் நீக்கலாம். மற்றவர்கள் பிரதியில் மட்டும் நீக்கிவிட்டு, மறைவாகப் பெறுகிறவர்களின் பிரதியில் விட்டுவைக்கலாம். அல்லது பெயர் எதுவும் இல்லாமல் வெறும் வரியாக விடலாம், யாருக்கோ ரகசிய நகல் போயிருக்கிறது என்று மட்டும் தெரியும்படி. இன்று பரவலாக இருக்கும் மெயில் சேவைகள் அந்தப் பெயர்களை மற்றவர்களுக்குக் காட்டாமல் விடுவதால் நாம் தப்பிக்கிறோம். அதே ஆவணத்தின் பாதுகாப்புப் பகுதியில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: ஒரு முகவரி இருக்கிறது என்று தெரிவதே சில சமயம் ஆபத்தாக முடியும்.

அது லண்டனில் மெய்யானது. 2015 செப்டம்பரில் 56 டீன் ஸ்ட்ரீட் என்ற மருத்துவமனை, எச்ஐவி சிகிச்சையில் இருப்பவர்களுக்கான செய்திமடலை 781 பேருக்கு அனுப்பியபோது முகவரிகளை 'டு' கட்டத்தில் போட்டுவிட்டது. அவர்களில் 730 பேரின் முழுப் பெயர் முகவரியிலேயே இருந்தது. மடலில் யாருடைய நோய் விவரமும் எழுதப்படவில்லை. எழுத வேண்டிய அவசியமே இருக்கவில்லை, பட்டியலில் இருப்பதே விவரம். மறுவருடம் அந்த மருத்துவமனையை நடத்தும் அமைப்புக்கு 1,80,000 பவுண்டு அபராதம். 2021 செப்டம்பரில் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம், தாலிபான் கைப்பற்றிய ஆப்கானிஸ்தானிலிருந்து தப்ப முயன்றவர்களுக்கு அனுப்பிய மெயிலில் 245 பேரின் முகவரி வெளிப்பட்டது. பலருடைய முகவரியோடு புகைப்படமும் இருந்தது. ஒருவர் 'ரிப்ளை ஆல்' அழுத்தித் தான் இருக்கும் இடத்தையும் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். 2023 டிசம்பரில் அபராதம் 3,50,000 பவுண்டு. பிராக்கெட் ரேட்டையும் உயிரையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கட்டம் ஒன்றுதான் என்பதற்காகச் சொல்கிறேன்.

பட்டியல் என்ன செய்யும் என்று எங்கள் ஊருக்கும் ஓரளவு தெரியும். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து கொரோனா பரவியபோது காய்கறி மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். செப்டம்பர் கடைசி வரை இரவெல்லாம் லாரிதான். அந்த மாதங்களில் தனிமைப்படுத்தப்பட்டவர்களின் வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கர்நாடக அரசு அதற்கு முன்பே, மார்ச்சில், தனிமையில் இருப்பவர்களின் வீட்டு முகவரிகளைப் பட்டியலாகவே வெளியிட்டிருந்தது. ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டுக்குப் பால் பாக்கெட் போட ஆள் வரவில்லை. தகுந்த அதிகாரி தனியாக உத்தரவிட்டாலொழிய அப்படி ஒட்ட வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த வருடம் டிசம்பரில். அதற்குள் ஒட்டி, கிழித்து, கறை மட்டும் மிச்சமிருந்தது.

எல்லாப் பெயரும் மறைவில் இருக்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. ஜெகந்நாதப் பெருமாள் கோயிலோ ஒத்தாண்டேஸ்வரர் கோயிலோ, நம்மூர்க் கோயில் எதிலும் டியூப்லைட்டைப் பார்த்தால் வெளிச்சம் வெளியே வர இடமில்லாத அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதியிருக்கும். அவர் பெயரைத் தெரிவிக்கத்தான் விளக்கே கொடுத்தார். அவர் விருப்பப்பட்டு எழுதச் சொன்ன பெயர் அது. பிராக்கெட் என்கொயரியில் நின்ற பெயர்களை அந்த இடத்தில் நிற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இப்போது என் கையில் இருக்கும் யூனிட்டுகளுக்கு நான் பிசிசியைக்கூட அவ்வளவாக நம்புவதில்லை. தீபாவளி வாழ்த்து, லீவு அறிவிப்பு மாதிரி வெளியில் தெரிந்தாலும் பாதகமில்லாத விஷயத்துக்கு அது போதும்: 'டு'வில் நம் முகவரி, மற்றவை எல்லாம் பிசிசியில். பேலன்ஸ் கன்ஃபர்மேஷன், ரேட் மாற்றம் என்றால் மெயில் மெர்ஜ்தான். எக்செல்லில் பெயரும் முகவரியும், வேர்டில் கடிதம், அவுட்லுக் வழியாக ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போய்விடும். வரும் கடிதத்தில் தன் பெயர் மட்டுமே இருப்பதால் பதிலும் சீக்கிரம் வருகிறது. பிசிசியில் பெரிய கூட்டத்துக்கு அனுப்பியது பாதி ஸ்பாமில் கிடக்கும். சாதாரண ஜிமெயில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் விடாது, எங்கள் தேவைக்கு அது தாராளம். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகமும் 2023இல் இதையே சொன்னது, முக்கியமான விஷயத்துக்குப் பிசிசியை மட்டும் நம்பாதீர்கள் என்று.

வாட்ஸ்அப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இங்கே மெயிலைவிட அதுதான் ஓடுகிறது. குரூப் ஆரம்பித்தால் எல்லோர் நம்பரும் எல்லோருக்கும். பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டால் ஒவ்வொருவருக்கும் தனியாகப் போகும், ஆனால் நம் நம்பரைச் சேவ் செய்தவருக்கு மட்டும்தான் போகும். வெண்டர் யாரும் பர்ச்சேஸ் பிரிவில் இந்த வருடம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று சேவ் செய்து வைப்பதில்லை. ஆகவே குரூப்தான் ஆரம்பிக்கிறார்கள்.

நம் நாட்டிலும் சட்டம் வந்துவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில். முக்கியமான கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம். தரவு வெளியே போய்விட்டால் அதற்கென உள்ள வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் என்றால் அதுவும் ஒரு மெயில்தான். அதே பட்டியல், அதே மூன்று கட்டம், அடிக்கப்போவதும் அநேகமாக அதே ஆள்.