எழுதாத 24 காட்சிகள்

திரைக்கதை முடிந்துவிட்டது என்று பொய் சொன்னேன். படத்துக்குப் பணம் போட்ட 11 பேரிடமும், கலை இயக்குநரிடமும், ஒளிப்பதிவாளரிடமும், என்னை நம்பி வந்த இரண்டு உதவி இயக்குநர்களிடமும் சொன்னேன். 94 காட்சிகள் என்று கணக்குக் காட்டிய கதையில் 70-தான் தாளில் இருந்தது. மீதி 24 காட்சிகள் என் மனதில்கூட இல்லை.

செவ்வாயில் ஒரு நிலையத்தில் தனியாக மாட்டிக்கொண்ட பெண்ணின் கதை அது. பூமியிலிருந்து அவளுக்கு ஒரு குரல் மட்டும் வரும். இரு கோள்களுக்கும் நடுவே அன்றைக்கு இருக்கும் தூரத்தைப் பொறுத்து, ஒரு சொல் போய்ச் சேர 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். கேள்வி கேட்டுப் பதில் வாங்க அதில் இரண்டு மடங்கு. அந்தக் காத்திருப்புதான் என் படம். ஆனால் கடைசியில் அவள் கதவைத் திறந்து வெளியே போகிறாளா, உள்ளேயே இருந்துவிடுகிறாளா என்பது எனக்குப் பிடிபடவில்லை. ஒன்பது வருடம் பெரிய படங்களில் உதவியாளனாக இருந்துவிட்டு, முதல் படத்துக்கு முடிவு தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டேன்.

ஸ்பாட்டில் சீன் எழுதிச் சமாளித்த படங்களில் நான் வேலை பார்த்திருக்கிறேன். மை காய்வதற்குள் வசனப் பேப்பர் நடிகர் கைக்குப் போகும். அப்படியே இதையும் ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்தேன். குடும்பக் கதையென்றால் வீடும் தெருவும் ஏற்கெனவே இருக்கின்றன. இங்கே ஒரு கதவு வேண்டுமென்றால்கூட அதை நாம்தான் செய்ய வேண்டும். அது எதற்குத் திறக்கிறது என்று தெரியாமல் செய்ய முடியாது.

கலை இயக்குநர் அதைத்தான் கேட்டார். பூந்தமல்லிப் பக்கம் வாடகைக்கு எடுத்த குடோனில் பிளைவுட் அடுக்கிக்கொண்டிருந்த நாள். “அண்ணே, கடைசியில அவ வெளிய போறாளா இல்லையா? போறான்னா வெளிக்கதவை முழுசாச் செய்யணும். இல்லேன்னா பெயின்ட் அடிச்சு விட்டுடலாம்.” “ரெண்டுக்கும் ரெடியா இருக்கட்டும்” என்றேன். ஏதோ யோசனையோடுதான் சொல்கிறேன் என்று அவர் நம்பினார். புதுப்பேட்டைக் கடைகளில் அலைந்து இரும்புச் சக்கரமும் கீலும் வாங்கி வந்தார். அந்த ஒரு கதவுக்கு 1,80,000 ரூபாய் ஆனது. எங்கள் மொத்தப் பணம் 14 லட்சம்.

எழுத வேண்டிய நேரத்தில் நான் ஹெல்மெட் செய்துகொண்டிருந்தேன். நான்கு மாதம். முன்பக்கம் அக்ரிலிக் போட்டால் எதிரே இருக்கும் கேமராவும் விளக்கும் அதில் தெரிந்தன. மூடிவிட்டால் நடிகையின் மூச்சு பட்டு இரண்டே நிமிடத்தில் ஆவி படிந்தது. ரிச்சி தெருவில் கம்ப்யூட்டருக்குப் போடும் சின்ன விசிறி வாங்கி உள்ளே பொருத்தினேன். ஆவி போனது, விசிறிச் சத்தம் மைக்கில் ஏறியது. சத்தம் குறைந்த விசிறி தேடி மறுபடி ரிச்சி தெரு. அந்த நாட்களில் நான் சந்தோஷமாகவே இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு சிக்கலுக்கும் கடையில் ஒரு விடை கிடைத்தது. எழுதும் மேசையில் எதுவும் கிடைக்கவில்லை. படத்துக்காக உழைக்கிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

பணம் கேட்டுப் போன இடமெல்லாம் ‘பிரைமர்’ கதையைச் சொன்னேன். ஷேன் கேரத் என்ற அமெரிக்கப் பொறியாளர் சுமார் 7,000 டாலரில் எடுத்த காலப்பயணப் படம், 2004-இல் சன்டான்ஸ் விழாவில் நடுவர் குழுவின் பெரும் பரிசை வாங்கியது. திருப்பூரில் பனியன் தொழில் செய்யும் என் பள்ளித் தோழன் இதைக் கேட்டுத்தான் இரண்டு லட்சம் கொடுத்தான். ஃபிலிம் வீணாகக்கூடாது என்று கேரத் ஷாட்டுகளை முன்கூட்டியே வரைந்து, பெரும்பாலும் ஒரே டேக்கில் எடுத்தார் என்பதும் எனக்குத் தெரியும். அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால், “நீ வரைஞ்சு முடிச்சிட்டியா?” என்று கேட்டிருப்பான்.

ஒரே ஒருவர் மட்டும் மீதிக் காட்சிகளை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். உதவி இயக்குநராகச் சேர்ந்த பெண், 23 வயது. காட்சிவாரியாக என்ன பொருள், என்ன உடை, எத்தனை பேர், பகலா இரவா என்று பிரேக்டவுன் எழுதினார். 70 வரை நிரப்பிவிட்டு, 71 முதல் 94 வரை எண் மட்டும் போட்டு வெற்றுக் கட்டங்களாக விட்டிருந்தார். “கொஞ்சம் பாலிஷ் பண்ணிட்டுத் தர்றேம்மா” என்று எட்டு மாதம் சொன்னேன். அந்த எட்டு மாதமும் அவருக்குப் பேட்டா கொடுக்கவில்லை.

செவ்வாய்க்காக நாங்கள் பார்த்து வைத்த இடம் திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காடு. மணல் துகளின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்து ஏற்பட்ட அந்தச் சிவப்பை எந்தச் செட்டிலும் கொண்டுவர முடியாது. தையில் போனபோது காற்று அடங்கியிருந்தது. பங்குனியில் படப்பிடிப்பு என்று குறித்தோம். அங்கே ஒரு பெரியவர், “பங்குனின்னா சரிய்யா. ஆனி, ஆடியில வந்திராதிய, கண்ணத் தொறக்க முடியாது” என்று எச்சரித்தார். பங்குனி வந்தபோது என்னிடம் காட்சிகள் இல்லை. கேமரா சரியில்லை என்று ஒரு காரணம் சொல்லித் தள்ளினேன், பிறகு இன்னொரு காரணம். சோதனைப் படப்பிடிப்புக்கு நாங்கள் போய் இறங்கியது ஆனி மாதம். தென்மேற்குக் காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. வாடகை லென்ஸின் வளையத்தில் மணல் புகுந்து திருக முடியாமல் இறுகியது. அன்று மாலை கையில் இருந்த பணம் தீர்ந்தது. காற்றைக் காரணமாகச் சொல்லி எல்லோரையும் ஊருக்கு அனுப்பினேன். ரயிலில் அந்தப் பெண் கேட்டார்: “சார், அந்த 24 சீன் இருக்கா?” முதல் முறையாக, இல்லை என்றேன். பிறகு சென்னை வரும்வரை அவர் பேசவில்லை.

காற்றினால் படம் நின்றது என்றுதான் இன்றும் பலர் நினைக்கிறார்கள். பணம் போட்ட 11 பேரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இதைப் படித்தால் உண்மை தெரிந்துகொள்வார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அந்த 24 காட்சிகளையும் இந்த வருடம் எழுதி முடித்தேன். அவள் வெளியே போகவில்லை. அந்தக் கதவு தேவையே இல்லை. முதல் பிரதியை அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன், பதில் வரவில்லை. அவருக்குத் தர வேண்டிய பேட்டா 64,000 ரூபாய். இதுவரை 20,000 கொடுத்திருக்கிறேன்.