தெருக்குழாயும் நாடாளுமன்றமும்

மத்ரஸாவில் பாடம் சொல்லிக் கொடுப்பவனுக்கு அரசியலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ளவே எழுதுகிறேன்.

2011 அக்டோபரில் நடைபெற்ற உள்ளாட்சித் தேர்தலில், இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள எங்கள் ஊராட்சியில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. என் லாத்தா நின்றார், வென்றார். துண்டுப் பிரசுரத்தில் மச்சானின் படமே பெரிதாக இருந்தது. தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வரும். பட்டம் பெற்றவன் என்ற மிடுக்கில் நான் அதைப் புரட்டிவிட்டு, "இங்கே கையெழுத்துப் போடுங்கள் லாத்தா" என்று விரலால் காட்டுவேன். அவரும் போடுவார்.

மறு ஆண்டு கோடையில் ஒருநாள் அவர் புத்தகத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர், நன்றாகவே வாசிப்பார். மூன்று தெருக்குழாய்கள் பழுது பார்க்கப்பட்டதாக அதில் செலவு எழுதியிருந்தது.

"பள்ளிவாசல் தெருக் குழாயில் இன்று காலைகூடத் தண்ணீர் வரவில்லையே தம்பி!"

எனக்கு அது தெரியாது. நான் அங்கே குடம் வைத்துக் காத்திருந்தவன் அல்லன். கையெழுத்திடாமல் அடுத்த கூட்டத்துக்குத் தாமே சென்று கேட்டார். அந்த மாதமே குழாய் சரியாயிற்று.

1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. அதே உரிமையை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் விரிக்கும் மசோதா 1996-ல் வந்து தேங்கியது; 2010-ல் மாநிலங்களவையில் நிறைவேறியும் மக்களவையைத் தாண்டவில்லை. 2023 செப்டம்பரிலோ மக்களவையில் 454 பேர் ஆதரித்தனர், எதிர்த்தவர் இருவரே. முஸ்லிம் பெண்களுக்கும் பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கும் உள்ஒதுக்கீடு எங்கே என்பது அவ்விருவரின் வாதம். அக்கேள்வி எனக்கும் உண்டு. கட்சிகளின் வாக்குக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். பெண்ணுக்கு நிர்வாகம் தெரியுமா என்ற பேச்சை அடக்கியவர்கள், அந்த முப்பது ஆண்டுகளில் தீர்மானப் புத்தகத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்ட பெண்களே என்பேன். (கையெழுத்து மட்டும் போட்டுச் சென்றவர்களும் உண்டு. பழி என் போன்ற தம்பிமாருக்கு!)

அன்று நாளேட்டுச் செய்தியை லாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"எப்போதிலிருந்து?" என்றார்.

"மக்கள்தொகைக் கணக்கெடுத்து, தொகுதிகளை மறுவரையறை செய்த பிறகு."

2016-ல் உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை நீதிமன்றம் ரத்து செய்தபின், 2019 டிசம்பரில் தேர்தல் நடக்கும்வரை எங்கள் ஊராட்சி தனி அலுவலரின் பொறுப்பில் இருந்தது. லாத்தா அதைத்தான் நினைத்திருக்க வேண்டும்.

"அந்த மூன்று வருடமும் குழாய்க்காக யாரிடம் போய்ச் சொன்னோம், தம்பி?" என்று கேட்டார்.