விரலுக்கு வந்த மலையாளம்

வைகை அணைப் பக்கத்துக்காரர்களுக்கு மலையாளம் தூரத்துப் பாஷை இல்லை. கம்பத்திலும் போடியிலும் விடியுமுன் ஜீப் ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகாத தெருவே கிடையாது. வயசுக்காலத்தில் நானும் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதினேன். அங்கே தமிழே போதும். ஊருக்கு வந்தால் மட்டும் மலையாளம் தெரிந்தவனாக நடமாடுவேன். ‘எந்தா சேட்டா’வோடு சரக்கு தீர்ந்துவிடும்.

அறுபதுக்கு மேல் கண் நீர் அழுத்த நோய் பார்வையைக் கொண்டுபோனது. அந்த நோயில் போன பார்வை திரும்பாது. கட்டப்பனையில் கட்டிக்கொடுத்த மகளின் பிள்ளைகளோ தங்களுக்குள் மலையாளத்தில் பேசிப் பேசிச் சிரிப்பார்கள். என்ன சிரிப்பு என்று தெரிய வேண்டாமா? மாலை வகுப்பில் சேர்ந்தேன். “இப்பத்தான் நேரம் கிடைச்சதாக்கும்” என்றாள் வீட்டுக்காரி.

வாத்தியார் தங்கமானவர். ஆனால் பலகையில் எழுதி, “இது இப்படி வளையும், அது அப்படிச் சுழியும்” என்பார். வீட்டுப்பாடத்தைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவார். தட்டச்சு செய்த எழுத்தென்றால் என் போன் வாசித்துக் காட்டும்; போட்டோ வந்தால் ‘படம்’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். பக்கத்தில் உட்காரும் கல்லூரிப் பிள்ளைதான் பலகையில் இருப்பதை முணுமுணுவென்று வாசித்தபடி எழுதுவாள். “எனக்கும் மனசுல நிக்கும் தாத்தா” என்பாள், ஏதோ நான் அவளுக்கு உதவுகிற மாதிரி.

தமிழ் பிரெயில் எனக்கு ஓரளவு பழகியிருந்தது. விரல் நுனிக்குள் அடங்கும் ஆறு புள்ளி. 1951-இல் உருவான பாரதி பிரெயிலில், இந்திய மொழிகள் எதுவானாலும் ஒரே ஒலிக்குப் பெரும்பாலும் ஒரே புள்ளிதான். தமிழ் ‘க’வுக்கு உள்ளதே மலையாளக் ‘க’வுக்கும். ‘கெ’ எழுதக் கொம்பை முன்னால் போட வேண்டியதில்லை. காதில் விழும் வரிசையிலேயே ககரம், அதன்பின் எகரம். கண்ணுள்ளவர்கள் அந்த வட்ட எழுத்துகளோடு மல்லுக்கட்டியபோது பாதி அரிச்சுவடி என் விரலில் இருந்தது! கர்வம் நீடிக்கவில்லை. மலையாளத்தில் ககரமே நாலு வகை. மற்ற மூன்றுக்கும் வேறு வேறு புள்ளி. சர்க்கரை நோயில் விரல் மரத்துப்போனவர்களுக்கு இந்த வழியும் அடைபடும். அவர்களுக்குக் காதுதான் கதி.

எங்கள் அணையில் தண்ணீர் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. சைரன் ஊதுவார்கள். அளவுகோலைப் பார்க்க முடியாத எனக்கும் சேதி வந்துவிடும். பாஷை சொல்லித்தருகிறவர்களே, நீங்களும் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். பாடத்தைப் போட்டோவாக இல்லாமல் தட்டச்சு செய்து அனுப்புங்கள்.