தில்லையில் ஒரு மாலைப்பொழுது

கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து, ஆடி மாதத்தில் ஒரு நாள், எழுபத்தைந்து வயதைக் கடந்த பெரியவர் ஒருவரும் அவருடைய பேத்தியும் சிதம்பரத்துக்குப் புறப்பட்டனர். மறுநாள் காலை அண்ணாமலைநகரில், பல்கலைக்கழகத்தின் வேளாண் புலத்தில், அப்பெண் தன் சான்றிதழ்களைக் காட்டிச் சேர்க்கை பெற வேண்டும். அன்று காலையில் மலையிலிருந்து கிளம்பினால் உரிய நேரத்துக்குப் போய்ச் சேர இயலாது. ஆகவே முதல்நாள் மாலையே வந்து தங்குவது என்று ஏற்பாடு. பெண்ணின் தந்தை கேரளத்தில் மிளகுத் தோட்ட வேலைக்குச் சென்றிருந்தார். அவருக்குப் பதிலாகப் படிவத்தில் ஒப்புதல் தர வேண்டியவர் பாட்டனார்தாம்.

அவரோ அதுவரை ‘சரி’ என்று சொல்லவில்லை. ‘போய்ப் பாக்கறேன், பாத்துட்டுச் சொல்றேன்’ என்று மட்டும் மருமகளிடம் கூறியிருந்தார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பேத்தி பேருந்தில் ஏறினாள். பெரியவரின் மடியில் கிடாரி விற்ற பணம் முடிச்சாக இருந்தது. அதை அவர் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவருடைய தடைக்கு ஒரு நியாயம் உண்டு. சாமையும் மரவள்ளியும் விளைவித்தே வாழ்ந்த குடும்பம் அது. உழவைக் கற்க ஒரு பெண் உழுத நிலத்தை விட்டு நாலாண்டு வெளியூரில் இருப்பானேன் என்று அவர் கேட்டார். அதற்குப் பேத்தி வாயால் பதில் சொல்லவில்லை. ஆனால் அவளிடம் பதில் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் மரவள்ளிச் செடிகளின் நுனியெல்லாம் சுருண்டு, வெண்மாவு தூவியதுபோல் பூச்சி அப்பிக்கொண்டது. 2020ஆம் ஆண்டில் கேரளத்தில் முதலில் காணப்பட்ட மாவுப்பூச்சி அது. பின்னர் தமிழகத்து மரவள்ளிக் காடுகளையெல்லாம் பிடித்தது. அதற்கு மாற்றாக, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கண்ணுக்குத் தெரிவதே அரிதான ஒரு சிறு குளவி தருவிக்கப்பட்டு, 2022 மார்ச்சில் மலையடிவாரத்துக்கு அருகே ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளிவிடப்பட்டது. அந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும். பள்ளியில் ஆசிரியர் ஒருவர் இதைச் சொன்ன நாளிலிருந்து அந்தப் பெண்ணுக்கு வேறு படிப்பின் மேல் மனம் செல்லவில்லை.

பேருந்து கோமுகி அணையையும் கச்சிராயபாளையத்தையும் கடந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கியது. அங்கே வேறு வண்டி மாறி விருத்தாசலம் வந்தார்கள். திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயர் கொண்ட அத்தலத்தின் பெருமையை அன்பர்கள் அறிவார்கள். சுந்தரமூர்த்தி நாயனார் இறைவனிடம் பெற்ற பன்னீராயிரம் பொன்னை இங்கே மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார். ‘ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது’ என்னும் வழக்கு அதையொட்டிப் பிறந்ததே. கதையை மறந்த உலகம் அதை வீண்செயலைக் கேலி செய்யும் சொல்லாக்கிவிட்டது. பெரியவரும் அவ்வாறே அறிந்திருந்தார். மடி முடிச்சைத் தடவியபடி, “ஆத்துல போட்டுக் கொளத்துல தேடற கதைதான்” என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். ஆறு எது என்று அவர் பார்க்கவில்லை.

பேத்தி பார்த்தாள். கோமுகியும் மணிமுத்தாறும் கல்வராயன் மலையில் பிறப்பவை. கோமுகி மணிமுத்தாற்றோடு சேர்கிறது. மணிமுத்தாறு வெள்ளாற்றோடு சேர்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையருகே கடலில் கலக்கிறது. புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலத்தின்மேல் வண்டி சென்றபோது அவள் சன்னல் வழியே கைகாட்டி, “தாத்தா, இது நம்ம மலைத் தண்ணி” என்றாள். பெரியவர் எட்டிப் பார்த்தார். பெரும்பாலும் மணல்தான்; ஓர் ஓரமாக நீர் மினுங்கியது. “இம்மாந் தூரம் வருதா?” என்றார். அன்று அவர் பேசிய முதல் நல்ல சொல் அது.

சிதம்பரத்தில் இறங்கியவுடன் அவரைத் திகைக்க வைத்தது கூட்டமுமன்று, இரைச்சலுமன்று. எந்தத் திக்கில் திரும்பினாலும் மலை இல்லை. பிறந்தது முதல் வானத்தின் விளிம்பில் மலையைக் கண்டே காலையையும் மழையையும் கணித்த மனிதருக்கு, தட்டையான அந்த வானம் ஏதோ களவு போனதுபோல் இருந்தது. நான்கு கோபுரங்கள் மட்டும் உயர்ந்து நின்றன. “அதைப் பாத்துக்க, கண்ணு. வழி தப்புனா அதை வெச்சு வந்துடலாம்” என்று பேத்திக்கு அறிவுரை சொன்னார். அந்த அறிவுரை பின்னால் என்ன ஆயிற்று என்பது தனிக்கதை.

கீழ வீதியை அடுத்த ஒரு சிறு விடுதியில் பையை வைத்துவிட்டு, கால் கை கழுவிக்கொண்டு, கிழக்குக் கோபுரம் வழியே உள்ளே சென்றனர். வாயிலின் இரு பக்கச் சுவர்களிலும் நாட்டியக் கரணங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருந்தன. பெரியவர் ஒன்றின் முன் நின்று, “இந்த மாதிரி காலை வளைக்க முடியுமா?” என்று வியந்தார். மாலைத் தீபாராதனை நேரம். பெருமணிகளின் ஓசை எழுந்து பிராகாரமெங்கும் அதிர்ந்தது. பொன்வேய்ந்த சிற்சபையில் ஆடும் பெருமான் தெற்கு நோக்கி அருள்கிறான். அவனுக்கு அருகிலேயே திருச்சித்திரகூடம் என்று வைணவர் போற்றும் சந்நிதியில் கோவிந்தராசப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். ஓரிடத்தில் நின்றபடியே இருவரையும் தரிசிக்கும் பேறு இத்தலத்துக்கு வாய்த்திருக்கிறது.

அந்த இடத்தில்தான் பெரியவர் நெடுநேரம் நின்றுவிட்டார். மலையை ஆள்பவர் என்ற பொருளில் மலையாளி எனப் பெயர் பெற்ற அம்மக்கள் தமிழையே தாய்மொழியாகக் கொண்டவர்கள். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்றும், கரியராமர் தங்களோடு மலையேறி வந்த தெய்வம் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அறியாத ஊரில் பழகிய முகம் ஒன்றைக் கண்டவரைப்போல் அவர் பெருமாளைப் பார்த்தார். பிறகு கூத்தனைப் பார்த்தார். மறுபடியும் பெருமாளைப் பார்த்தார். “நம்ம சாமியும் இங்கதான் இருக்குது” என்றார்.

சிவகங்கைத் திருக்குளத்தின் படியில் இளைப்பாறியபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நாள்தோறும் மாலையில் அங்கே வந்து அமர்பவர். எந்த ஊர், என்ன அலுவல் என்று விசாரித்தறிந்ததும் முகம் மலர்ந்தார். “நாளைக்குப் போகப்போகிறீர்களா? பொருத்தமான ஊருக்குத்தான் வந்திருக்கிறீர்கள். நாளைப் போவார் வந்த ஊர் இது” என்றார்.

பெரியவர் அக்கதையைக் கேட்டதில்லை. ஆசிரியருக்குச் சொல்லச் சலிப்பில்லை. கொள்ளிடக் கரையில் ஆதனூரில் பிறந்த நந்தனார், கோயில்களின் முரசுக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்தவர். திருப்புன்கூரில் அவர் வெளியே நின்று தரிசிப்பதற்காக நந்தியையே விலகச் செய்தான் இறைவன். ஆயினும் தில்லைக்குள் நுழையத் தம் பிறப்பு இடந்தராது என்று அஞ்சி, ‘நாளைப் போவேன், நாளைப் போவேன்’ என்று சொல்லிச் சொல்லியே பல நாள்களைக் கழித்தார். அதனால் அவருக்குத் திருநாளைப்போவார் என்றே பெயராயிற்று.

“எசமான் விடமாட்டேன்னு சொன்னதா எங்க பள்ளிக்கூடத்துல சொன்னாங்களே?” என்று பேத்தி கேட்டாள்.

“அது கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நந்தனார் சரித்திரத்தில் வருவது, அம்மா. சேக்கிழார் பெரியபுராணத்தில் தடுக்கும் எசமான் எவரும் இல்லை. நந்தனாரைத் தடுத்தது அவர் மனத்தில் இருந்த அச்சம். அந்த அச்சத்தை அவர் மனத்தில் வைத்தது ஊர்” என்றார் ஆசிரியர்.

கதையில் பலரும் விரைந்து கடந்துவிடும் ஒரு பகுதி உண்டு. ஆசிரியர் அங்கேதான் நிறுத்திச் சொன்னார். ஒருநாள் துணிந்து தில்லைக்கு வந்துவிட்ட நந்தனார் உடனே உள்ளே போகவில்லை. எல்லையிலிருந்து வேள்விப் புகையைக் கண்டார், வணங்கினார், உட்புகாமல் மதிலைச் சுற்றி இரவும் பகலும் வலம் வந்துகொண்டேயிருந்தார். இறைவன் கனவில் அழைத்த பிறகே தீயினுட் புகுந்து எழுந்து உள்ளே சென்றார். “வந்த பிறகும் வெளியே நின்றார் பாருங்கள், ஐயா. அந்தச் சுற்றுதான் என்னை வருத்துகிறது” என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே எழுந்தார்.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. “எத்தினி நாளு அப்பிடிச் சொல்லிக்கிட்டிருந்தாரு?” என்று மட்டும் கேட்டார். அதற்குக் கணக்கில்லை என்றார் ஆசிரியர்.

இருவரும் வெளியே வந்தார்கள். வந்தது மேலைக் கோபுரம் வழியாக என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. ஏழு நிலைகளோடு நான்கு கோபுரங்களும் உருவில் ஒத்திருந்ததால் மலைக்காரரின் அடையாளம் பொய்த்தது. தேடிய விடுதி இல்லை. கண்ட கடைகளும் இல்லை. வெட்கத்தால் எவரையும் கேட்காமல், மதிலை வலப்பக்கமாக வைத்துக்கொண்டு நடந்தார்கள். மேல வீதி கடந்தது. வட வீதி வந்தது. கிருஷ்ணதேவராயர் திருப்பணி செய்த வடக்குக் கோபுரம் இருளில் நின்றது. அங்கே ஒரு திண்ணையோரமாகப் பெரியவர் நின்றுவிட்டார்.

அப்போதுதான் அவர் சொன்னார். அவருக்கு ஒன்பதோ பத்தோ வயது. மலை அப்போது ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அவர்களுடைய நிலத்தில் கூலியின்றி உழைத்தாக வேண்டும். கீழேயிருந்து ஒரு வாத்தியார் கால்நடையாக ஏறி வந்தார். பையனை அனுப்புங்கள், சோறு போட்டுப் படிக்க வைக்கிறோம் என்றார். பையனுக்கு ஆசை. தந்தை மறுக்கவில்லை. “நாளைக்கு அனுப்பறேன்” என்றார். சாமை அறுப்பு இருந்தது. வாத்தியார் அடுத்த வாரமும் வந்தார். அப்போதும் நாளைக்குத்தான். மூன்றாம் முறை மழை, அவர் வரவில்லை. அதற்குப் பிறகு வரவேயில்லை.

“எங்கப்பன் ஒருநாளும் மாட்டேன்னு சொல்லல, கண்ணு. சொல்லியிருந்தா அழுதுட்டு ஓஞ்சிருப்பேன். அறுப்பு முடியற வரைக்கும் தெனமும் பாறை மேல ஏறி அவரு வராரான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.”

பேத்திக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். இதை அவர் தம் மகனிடம்கூடச் சொன்னதில்லை என்பது அவளுக்குப் பின்னர்த் தாயின் வாயிலாகத் தெரிந்தது. சற்று நேரம் கழித்து இருவரும் நடந்து, வீதி திரும்பி, கீழைக் கோபுரத்தைக் கண்டார்கள். கரணங்கள் இருந்த சுவரைப் பார்த்த பிறகும் பெரியவருக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த வாயிலிலும் கரணங்கள் இருந்தனவே! விடுதியின் பெயர்ப்பலகையைப் பேத்தி படித்துச் சொன்ன பிறகே நம்பினார்.

இரவு உணவு எதிரே ஓர் உணவகத்தில். இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சுவும். நடராசப் பெருமானுக்குச் சம்பா சாதத்தோடு நிவேதனமாகும் கொத்சு அது என்று பரிமாறியவர் பெருமையோடு சொன்னார். காரம் போதாது என்று பெரியவர் குறைபட்டார். ஆனால் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அறையில் புழுக்கமும் கொசுவும். மின்விசிறி சுழன்றதே தவிரக் காற்று வந்ததாகத் தெரியவில்லை. பேத்தி சான்றிதழ்களை ஒருமுறை எண்ணி உறையில் வைத்தாள். பெரியவர் மடி முடிச்சை அவிழ்த்து, பணத்தைக் கட்டிலின்மேல் வைத்து, அவளிடமே தள்ளி, “எண்ணி உன் பையில வெச்சுக்க” என்றார். விளக்கை அணைத்த பின்னும் இருவரும் உறங்கவில்லை. எங்கோ தொலைவில் ரயில் ஒன்று கூவிச் சென்றது.

“கண்ணு.”

“என்ன, தாத்தா?”

“காயிதத்துல நான் கைநாட்டு வெக்கணுமே, மை அங்கியே வெச்சிருப்பாங்களா? இல்ல, காலையில கடையில வாங்கிக்கிட்டுப் போயிரலாமா?”

“அங்கியே இருக்கும், தாத்தா.”

“கடை எத்தினி மணிக்குத் தொறப்பான்னு எதுக்கும் கேட்டு வெச்சுக்கலாம்” என்று கூறிவிட்டு, பெரியவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.